எந்த வெள்ளி? இணையத் தரநிலைகளும் அணுகல்தன்மையும்: வாசகர் கேள்வி-பதில்

இணையப் பக்கங்களின் கட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை, கணினியும் பொருளைப் புரிந்துகொள்ளும்படி தரவை எழுதும் பொருள்சார் வலை ஆகியவை குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எச்.டி.எம்.எல். 5 வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. ஆறாவது பதிப்பு எப்போது வரும்? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? (வலை வடிவமைப்பு படிக்கும் மாணவர்)

பக்கத்தின் உறுப்புகளைக் ‘குறிச்சொல்’ எனப்படும் அடையாளங்களால் குறித்து இணையப் பக்கங்களை எழுதும் மொழிதான் எச்.டி.எம்.எல். அதற்கு ஆறாவது பதிப்பு என்று ஒன்று வரப்போவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ளப் பழைய கருத்துவேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கிய டபிள்யூ3சி அமைப்புதான் தரநிலைகளை வெளியிட்டுவந்தது. 1999-இல் 4.01 பதிப்பு வந்த பிறகு அந்த அமைப்பு எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்ற கண்டிப்பான வழிக்குத் திரும்பியது. அந்த விதிகளை எழுத்துக்கு எழுத்து செயல்படுத்தினால், ஒரு குறிச்சொல்லை மூட மறந்தாலும் பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் தெரியும். உலகில் எழுதப்பட்ட பக்கங்களில் பெரும்பாலானவை பிழையுள்ளவை என்ற நடைமுறை உண்மையோடு அது ஒத்துப்போகவில்லை. ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகிய பிரவுசர் தயாரிப்பாளர்களைச் சேர்ந்தவர்கள் 2004-இல் ‘வாட்விக்’ என்ற தனிக் குழுவை அமைத்தார்கள். இரு தரப்பும் சில காலம் இணைந்தும் சில காலம் விலகியும் வேலை செய்து, 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல். 5 அதிகாரபூர்வ பரிந்துரை ஆனது. 2019 மே மாதம் ஏற்பட்ட உடன்பாட்டின்படி எச்.டி.எம்.எல்.லுக்கு வாட்விக் பராமரிக்கும் ‘வாழும் தரநிலை’ ஒன்றே மூலம். அது இடைவிடாமல் திருத்தப்படுவதால் பதிப்பு எண் தேவைப்படவில்லை.

எச்.டி.எம்.எல். 5 என்றவுடன் வீடியோவையும், படம் வரைவதற்கான கேன்வாஸையும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதன் பெரிய சாதனை எவரும் கொண்டாடாத ஒன்று: பிழையுள்ள பக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் அது படிப்படியாக எழுதிவைத்தது. அதற்கு முன் ஒரே பிழையை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. இப்போது எல்லாம் ஒரே விதமாகப் புரிந்துகொள்கின்றன. அதனால்தான் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தபோது, குறிச்சொற்களின் இலக்கணப் பிழையைப் பற்றிய 4.1.1 என்ற பழைய விதியை நீக்கிவிட முடிந்தது.

ஒரு புதிய வசதியை இன்று பயன்படுத்தலாமா என்பதுதான் மாணவர்களுக்கு அன்றாடக் கேள்வி. அதற்கு ‘பேஸ்லைன்’ என்ற அடையாளத்தைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய நான்கிலும் ஒரு வசதி வந்துவிட்டால் அது புதிதாகக் கிடைப்பது. அதன் பின் 30 மாதங்கள் கழிந்தால் பரவலாகக் கிடைப்பது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸின் ‘ஹேஸ்’ தெரிவு (உள்ளே இருப்பதை வைத்து உறுப்பைத் தேர்வது) 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்து முதல் நிலையை எட்டியது. இரண்டாம் நிலைக்கான கணக்கு 2026 ஜூனில்தான் முடிகிறது.

கேள்வி: நான் பார்வையற்றவன். திரைவாசிப்பான் உதவியுடன் ஒரு விண்ணப்பப் படிவத்தை முழுவதும் நிரப்பினேன். கடைசியில் ‘அனுப்பு’ என்று காதில் விழுகிறது. என்டரை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. நண்பர் மவுஸால் சொடுக்கியதும் போய்விட்டது. தளத்தாரிடம் கேட்டால், ‘எங்கள் கணினியில் வேலை செய்கிறதே’ என்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

உங்கள் கடிதத்திலேயே நோயின் குறி இருக்கிறது. ‘அனுப்பு’ என்று மட்டும் கேட்டது என்கிறீர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட படிவமாக இருந்தால் உங்கள் திரைவாசிப்பான் ‘அனுப்பு, பட்டன்’ என்று சொல்லியிருக்கும். அந்த இரண்டாவது சொல் வராததால், அங்கே இருப்பது பட்டனே இல்லை. பட்டனைப் போல வண்ணம் பூசிய, ‘டிவ்’ எனப்படும் பொருளற்ற பெட்டி என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பக்கத்தை வரையும்போது பிரவுசர் அதனுடனேயே ‘அணுகல் மரம்’ என்ற இன்னொரு வடிவத்தையும் கட்டுகிறது. இது தலைப்பு, இது இணைப்பு, இது பட்டன், இதன் பெயர் இன்னது, இது இப்போது இன்ன நிலையில் உள்ளது என்ற விவரங்கள் அதில் இருக்கும். என்.வி.டி.ஏ., ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் அந்த மரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. உண்மையான ‘பட்டன்’ குறிச்சொல்லைப் போட்டால் எதுவும் எழுதாமலே பல காரியங்கள் நடந்துவிடும்: டேப் விசையில் அதற்கு முறை வரும், என்டருக்கும் ஸ்பேஸ் விசைக்கும் அது செயல்படும், முடக்கப்பட்டிருந்தால் அந்த நிலையும் தெரிவிக்கப்படும், நிறங்களை மாற்றிப் பார்ப்பவர்களின் திரையிலும் அது பட்டனாகவே தோன்றும். ‘டிவ்’வை வைத்துக்கொண்டு இதே நடத்தையைப் பெற வேண்டுமானால், டேப் வரிசையில் சேர்க்க ஒரு பண்பு, பட்டன் என்று அறிவிக்க இன்னொரு பண்பு, இரண்டு விசைகளுக்கும் தனித்தனி ஜாவாஸ்கிரிப்ட், ஸ்பேஸை அழுத்தினால் பக்கம் கீழே உருண்டுவிடாமல் தடுக்க மேலும் ஒரு வரி என்று கையால் கட்ட வேண்டும். அப்படிக் கட்டுகிறவர்கள் ஏதாவது ஒன்றை மறந்துவிடுவார்கள். உங்கள் படிவத்தில் மறந்தவை பட்டன் என்ற அறிவிப்பும் என்டர் விசையும்.

இங்கே ‘ஏரியா’ என்ற தரநிலையைச் சொல்ல வேண்டும். (பேச்சில் நாம் இடத்தைக் குறிக்கச் சொல்லும் ஏரியா அன்று, பண்புகளின் தொகுப்பு ஒன்றுக்கு இட்ட சுருக்கப்பெயர்.) இதன் முதல் பதிப்பு 2014-இலும் 1.2 பதிப்பு 2023-இலும் வந்தன. திரைவாசிப்பானுக்கு ‘இது பட்டன்’ என்று ஏரியா சொல்லும், பட்டனாக நடக்கவைக்காது. பெயர்ப்பலகை மட்டும் மாட்டும் வேலை அது. அதனால்தான் அதன் முதல் விதியே, எச்.டி.எம்.எல்.லில் தகுந்த உறுப்பு இருந்தால் ஏரியாவைத் தொடாதே என்பதாக அமைந்திருக்கிறது.

தளத்தாருக்கு எழுதும்போது ‘எனக்கு வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். மவுஸைக் கழற்றிவிட்டு, டேபும் என்டரும் மட்டும் கொண்டு அந்தப் படிவத்தை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் 2.1.1 விதி, விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்று கேட்கிறது. அது மிகக் குறைந்த நிலையான ‘ஏ’ நிலையின் விதி; சலுகை கேட்பதாக அவர்கள் நினைக்க இடமில்லை.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் மென்சாம்பல் எழுத்து அழகாக இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் பிடித்திருக்கிறது. அணுகல்தன்மைச் சோதனையில் மட்டும் தோற்றுவிட்டது. இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா?

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு, டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் ‘ஏ’வுக்கு அடுத்த ‘ஏஏ’ நிலையில், 4.5-க்கு 1 இருக்க வேண்டும். 18 பாயின்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21-க்கு 1. இப்போது நுணுக்கத்தைப் பாருங்கள்: வெள்ளையின் மீது 777777 என்ற நிறக்குறியுடைய சாம்பல் 4.48 தருகிறது, தோல்வி. 767676 என்ற சாம்பல் 4.54 தருகிறது, தேர்ச்சி. இரண்டையும் அருகருகே வைத்தால் உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே அழகை இழந்துவிடுவோம் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் 767676-இலேயே நின்றுவிடாமல் இன்னும் சற்று அடர்த்தியாகப் போவதையே நான் பரிந்துரைப்பேன். எல்லைக்கோட்டில் நிற்கும் நிறம் வெயிலில் பிடித்த கைபேசித் திரையில் எல்லோருக்குமே மங்கிப்போகும்.

கேள்வி: தானியங்கிச் சோதனைக் கருவி எங்கள் தளத்துக்கு 100-க்கு 100 கொடுத்துவிட்டது. இனி கவலையில்லை அல்லவா?

கருவி சொன்னது, அதனால் கண்டுபிடிக்க முடிந்த பிழைகள் இல்லை என்பது மட்டுமே. படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்று உரை படத்துக்கு இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரை ‘படம்1’ என்று இருந்தாலும் திருப்தியடைந்துவிடும். டேப் விசையை அழுத்தும்போது கவனம் (எந்த உறுப்பில் நிற்கிறோம் என்ற குறி) தாறுமாறாகத் தாவுகிறதா, பிழைச் செய்தி புரிகிறதா என்பதற்கு மனிதர் வேண்டும்.

இருந்தாலும் அந்த மதிப்பெண்ணை இகழ மாட்டேன், ஏனெனில் பெரும்பாலோர் அதைக்கூடப் பெறவில்லை. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை கண்டது, 79.1 சதவீதத்தில் மேலே சொன்ன நிற வேறுபாட்டுக் குறையே இருந்தது.

கைச்சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் விசைப்பலகை. பிறகு பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, வரி படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.வை நிறுவி, எச் விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் பாருங்கள். தலைப்புகளை மட்டும் கேட்டால் பக்கத்தின் பொருளடக்கம் புரிய வேண்டும். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பின் புதிய விதிகளில், தொடும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சல் இருக்க வேண்டும் என்பதும், இழுத்துவிடும் செயலுக்கு மாற்றுவழி வேண்டும் என்பதும் கருவிகள் அடிக்கடி கோட்டைவிடும் இடங்கள். கடவுச்சொல்லை ஒட்டவிடாமல் தடுக்கும் உள்நுழைவுப் பக்கமும் இப்போது விதியோடு மோதுகிறது. நினைவாற்றல் குன்றியவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. கடவுச்சொல் மேலாளரைப் பயன்படுத்தும் அனைவருக்கும் உதவும்.

கேள்வி: ஒரே ஒரு வரி ஸ்கிரிப்டைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகல்தன்மை பெற்றுவிடும் என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

வேண்டாம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025-இல் இத்தகைய விளம்பரத்துக்காக ஒரு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றைச் செய்யும் சாதனம், தேவைப்படுபவரின் கணினியிலேயே ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே இருக்கும் ‘டிவ்’ எந்த நோக்கத்துக்காக வைக்கப்பட்டது என்பதை வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் ஊகிக்கத்தான் முடியும்.

கேள்வி: மாற்று உரையை எப்படி எழுதுவது? செயற்கை நுண்ணறிவைக் கொண்டே எழுதிவிடலாமா?

படத்தில் என்ன தெரிகிறது என்பதைவிட, அது அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்பதை எழுத வேண்டும். பூதக்கண்ணாடிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேடல் பெட்டியின் பக்கத்தில் இருந்தால் அதன் மாற்று உரை ‘தேடு’. ஒளியியல் பாடத்தில் இருந்தால், ‘கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும் குவிவில்லை’. வெறும் அலங்காரமாக ஓரத்தில் இருந்தால், மாற்று உரைப் பண்பைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். பண்பையே விட்டுவிட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாக ஓதத் தொடங்கும். ‘இதன் படம்’ என்று தொடங்க வேண்டியதில்லை, படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். செயற்கை நுண்ணறிவு மூன்று இடத்திலும் ‘மரக் கைப்பிடியுடைய பூதக்கண்ணாடி’ என்று எழுதக்கூடும். வரைவாக வைத்துக்கொண்டு திருத்துவதில் தவறில்லை.

கேள்வி: பொருள்சார் வலை என்று 20 ஆண்டுகளுக்கு முன் பேராரவாரம் எழுந்தது. அது என்ன ஆயிற்று? (ஓய்வுபெற்ற நூலகர்)

நூலகர் கேட்பதால் பகுப்பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். ‘வெள்ளி’ என்ற தலைப்பில் நூல்களைத் தேடி ஒருவர் வந்தால் எந்த அடுக்குக்கு அனுப்புவீர்கள்? உலோகமா, கோளா, கிழமையா? நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். கணினிக்கு அந்த வசதி இல்லை. பொருள்சார் வலையின் முதல் கருத்து, சொல்லுக்குப் பதிலாகப் பொருளுக்கு ஓர் அடையாளம் கொடு என்பது. விக்கிப்பீடியாவுக்கு உடன்பிறப்பான திறந்த தரவுத்தளம் விக்கித்தரவு; அதில் உலோகமான வெள்ளிக்கு க்யூ1090, கோளுக்கு க்யூ313, கிழமைக்கு க்யூ130 என்று தனித்தனி எண்கள் உள்ளன. எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறாது.

இரண்டாவது கருத்து, எல்லாச் செய்தியையும் மூன்று உறுப்புள்ள சிறு வாக்கியமாக எழுது என்பது. 1999-இல் பரிந்துரையான ஆர்.டி.எஃப். தரநிலையின் சாரம் இதுதான். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதல்ல: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். ‘மேரி கியூரி, பெற்ற பரிசு, இயற்பியல் நோபல்’ என்பது ஒரு வாக்கியம். இப்படிப்பட்ட கோடிக்கணக்கான வாக்கியங்களைச் சேர்த்துவைத்தால், 2008-இல் தரநிலையான ஸ்பார்கில் என்ற வினவல் மொழியில் கேள்வி கேட்கலாம். இயற்பியல் நோபல் பெற்ற பெண்கள் யார் என்று விக்கித்தரவிடம் கேட்டால், மேரி கியூரி, மரியா கோப்பெர்ட் மேயர், டோனா ஸ்ட்ரிக்லாண்ட், ஆண்ட்ரியா கெஸ், ஆன் லூலியே என, 2025 வரை பெற்ற ஐவரின் பட்டியல் கிடைக்கும். அதற்காக அப்படியொரு பட்டியலை யாரும் முன்கூட்டியே தொகுத்து வைக்கத் தேவையில்லை. பரிசு பற்றிய வாக்கியங்களும் பாலினம் பற்றிய வாக்கியங்களும் கேட்ட நேரத்தில் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன.

2001-இல் டிம் பெர்னர்ஸ்-லீயும் ஜேம்ஸ் ஹெண்ட்லரும் ஓரா லஸ்ஸிலாவும் எழுதிய கட்டுரைதான் நீங்கள் குறிப்பிடும் ஆரவாரத்தின் தொடக்கம். நம் சார்பில் மென்பொருள் முகவர்கள் வலையெங்கும் சென்று, தரவைப் படித்து, மருத்துவருடன் சந்திப்புக்கு நேரம் குறித்துவிட்டு வரும் என்று அதில் கனவு கண்டார்கள். அந்தக் கனவு சொன்னபடி நிறைவேறவில்லை. எளிய பக்கம் எழுதுபவர் ஆவ்ல் போன்ற தருக்க மொழியைக் கற்று, தம் பக்கத்துக்கு ஒரு கருத்துருவமைப்பு (எது எதன் வகை, எதோடு எது தொடர்புடையது என்ற வரையறை) எழுதுவார் என்று எதிர்பார்த்தது, என் கருத்தில், முதல் தவறு. உழைப்பு எழுதுபவருடையது, பயன் வேறு யாருக்கோ என்றால் யார் எழுதுவார்கள்?

பிழைத்தது சுருங்கிய வடிவம். 2011-இல் கூகுள், பிங், யாஹூ ஆகியவை ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்களஞ்சியத்தைத் தொடங்கின. நிகழ்ச்சி, நூல், கட்டுரை, நிறுவனம் போன்றவற்றுக்கு எளிய பெயர்கள். 2014-இல் ஜேசன்-எல்.டி. வந்தது, நிரலாளர் ஏற்கெனவே அறிந்த வடிவத்தில் ஆர்.டி.எஃப்.பை ஒளித்துவைத்த தந்திரம் என்று அதைச் சொல்லலாம். 2012-இல் விக்கித்தரவு தொடங்கியது, இன்று அதில் 10 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் உள்ளன. தரவு சொன்ன வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஷேக்கிள் 2017-இல் தரநிலையாயிற்று. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மருத்துவ ஆய்வு நிலையங்களும் இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. உங்கள் துறைக்காரர்கள்தான் இதில் முன்னோடிகள். பொருளுக்கு எண் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்குப் பல தலைமுறை முந்தையது.

கேள்வி: எங்கள் சிறிய தளத்தில் ஸ்கீமா குறியீடுகளைச் சேர்த்தால் தேடலில் முன்னே வருவோமா?

முன்னே வரவைக்கும் மந்திரம் அல்ல அது. தேடல் முடிவில் உங்கள் பக்கம் எப்படித் தோன்றலாம் என்பதற்கு உதவும். அதுவும் தேடுபொறியின் விருப்பம். கேள்வி-பதில் குறியீட்டைப் போட்டுத் தேடல் முடிவில் இடம்பிடித்த தளங்கள் பல இருந்தன. 2023 ஆகஸ்டில் கூகுள் அதை நன்கறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களோடு நிறுத்திக்கொண்டதும் அவற்றின் உழைப்பு பயனற்றுப்போயிற்று. எனவே மாறாத உண்மைகளை மட்டும் குறியுங்கள்: கட்டுரையின் ஆசிரியர், வெளியான நாள், நிகழ்ச்சியின் இடமும் நேரமும். தேதியை 03/04/2026 என்று எழுதாதீர்கள். ஏப்ரல் 3 என்று சிலரும் மார்ச் 4 என்று சிலரும் படிப்பார்கள். 2026-04-03 என்பதே தரமான வடிவம். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத செய்தியைக் குறியீட்டில் மட்டும் ஒளித்துவைப்பது விதிமீறல்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மனிதரைப் போலவே பக்கத்தைப் படிக்கிறதே, இனி இந்தக் குறிச்சொல் ஒழுக்கமெல்லாம் எதற்கு?

பிரவுசரைத் தாமே இயக்கும் கருவிகளில் சில, திரையின் படத்தை வைத்து ஊகிப்பதைவிட, முன்னே சொன்ன அணுகல் மரத்தைப் படிப்பதையே தேர்ந்தெடுத்திருக்கின்றன. காரணம் எளிது: ‘பெயர்: அனுப்பு, வகை: பட்டன்’ என்று அங்கே எழுதியே இருக்கும்போது, நீல நிறப் பெட்டியைப் பார்த்து அது என்னவென்று யோசிப்பானேன்? பட்டனைப் பட்டனாக எழுதாத படிவத்தில் அந்தப் பார்வையற்ற வாசகர் எங்கே நின்றாரோ, இந்தக் கருவியும் அங்கேயே நிற்க நேரும். 2001-இல் கனவு கண்ட முகவர்கள் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டுவதில் திரைவாசிப்பானுக்காக எழுதிய குறிச்சொல்லுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பக்கத்தைத் திரைவாசிப்பான் படிக்கும்போது எழுத்துகளை விட்டுவிடுகிறது, அல்லது புரியாத ஒலி எழுப்புகிறது. எழுத்துரு காரணமா?

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றாத பக்கமாக இருந்தால் எழுத்துருதான் காரணம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே வேறு எழுத்துக் குறிகளாக இருக்கும். யூனிகோடில்தான் இருக்கிறது என்றால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து, முதன்மைக் குறிச்சொல்லில் ‘லேங்’ என்ற மொழிப் பண்பைப் பாருங்கள். வாங்கிய வார்ப்புருவில் இருந்த ஆங்கிலக் குறியை மாற்ற மறந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அப்படியிருந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைத் தேர்ந்து தமிழை உச்சரிக்க முயலும். தமிழுக்குரிய ‘டி, ஏ’ என்ற ஈரெழுத்துக் குறியை அங்கே இட்டு, இடையில் வேற்றுமொழி மேற்கோள் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் அதன் மொழிக் குறியைத் தனியாகக் கொடுத்துவிட்டு, தமிழ்க் குரல் நிறுவிய கணினியில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.